வேலை வாங்குபவர் ஒருவர், சம்பளம் தருபவர் இன்னொருவர்

2025 ஆகஸ்ட் மாதத்தின் முதல் 13 நாட்கள், சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அங்கே போனால் கைக்கு வரும் பணம் குறைந்துவிடும் என்பது அவர்களின் பயம். பணி நிரந்தரம் வேண்டும் என்பது கோரிக்கை. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அதற்கு முன்னாலும் அவர்கள் மாநகராட்சி ஊழியர்களாக இருக்கவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் பெயரில், சுய உதவிக் குழு வழியாக எடுக்கப்பட்டவர்கள். அதிலேயே வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர். எந்தத் தெருவை எப்போது கூட்டுவது என்று சொல்வது மாநகராட்சி. குப்பை கிடந்தால் கேள்வி கேட்பது மாநகராட்சி. ஆனால் ‘உங்கள் முதலாளி யார்?’ என்று கேட்டால் முதலில் ஒரு திட்டத்தின் பெயர், அப்புறம் ஒரு கம்பெனியின் பெயர். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1918ல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். அதைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரின் பெயரில்தான் அந்த இரண்டாவது மண்டலம் இருக்கிறது.

ஒப்பந்த வேலை, கிக் வேலை என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். முதலாவது தொழிற்சாலை, அலுவலகம் சம்பந்தப்பட்டது. இரண்டாவது நிரந்தரச் சம்பளம் இல்லாமல் ஆர்டருக்கு இவ்வளவு என்று வரும் வேலை: ஆப், ஸ்கூட்டர், டெலிவரி பை. என் பார்வையில் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. வேலை வாங்குபவருக்கும் அந்த வேலைக்குப் பொறுப்பேற்பவருக்கும் நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்குகின்றன. கடந்த 25 ஆண்டுகளில் வளர்ந்தது இந்த இடைவெளிதான்.

இந்த ஏற்பாடு நம் ஆட்களுக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் ஊர்களிலிருந்து ஆள் கூட்டிப் போன கங்காணியை நினைத்துப் பாருங்கள். தன் ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் தோட்டத்தில் அவருக்குக் காசு. தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்துக் கடனில் வைத்திருப்பவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ச் சீட்டும் கூடவே போகும், அந்தத் துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் நேரடிப் பேச்சே கிடையாது. சென்னை, பம்பாய் ஆலைகளில் மேஸ்திரி, ஜாபர் என்ற பெயர்களில் இதே ஆள்தான் இருந்தார். ஆள் எடுப்பதை இவர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று ராயல் தொழிலாளர் கமிஷன் 1931லேயே சொல்லிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய ஆலைகளில் நேரடி நியமனம் வந்தது. மீதி இடங்களுக்காக 1970ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் முழுப்பெயரிலேயே ‘ஒழுங்குமுறை’யும் உண்டு, ‘ஒழிப்பு’ம் உண்டு. ஆண்டு முழுவதும் நடக்கிற வேலையா, அந்தத் தொழிலுக்கு அத்தியாவசியமானதா, வழக்கமாக நிரந்தர ஆட்கள் செய்வதா என்று பார்த்து, அப்படிப்பட்ட வேலைகளில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்யலாம். ஆனால் தடை வந்த பிறகு அதுவரை வேலை பார்த்த ஆளுக்கு என்ன கதி? அதைச் சட்டம் சொல்லவில்லை. பின்னால் வந்த வழக்குகளில் பாதி இந்த ஓட்டைக்குள்தான் விழுந்தன.

நீதிமன்றங்கள் முதலில் தொழிலாளி பக்கம் நின்றன. கோழிக்கோட்டில் கயிறு செய்யும் ஆலை ஒன்றின் வழக்கு 1978ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ‘இவர்களை எடுத்தது கான்ட்ராக்டர், எனக்குச் சம்பந்தமில்லை’ என்றார் ஆலை உரிமையாளர். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்களோ, யார் கையை விரித்தால் அவர்களின் பிழைப்பு போய்விடுமோ, அவரே உண்மையான முதலாளி, நடுவில் எத்தனை காகிதம் இருந்தாலும் சரி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1996ல் ஏர் இந்தியா வழக்கு ஒரு படி மேலே போனது: ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிடுவார்.

அது ஐந்து வருடம்கூட நிற்கவில்லை. 2001ல் இந்திய உருக்கு ஆணையம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தானாக நிரந்தரமாவது என்ற பேச்சே சட்டத்தில் இல்லை என்றது. ஒப்பந்தமே போலி என்று நிரூபித்தால் உண்டு, அதையும் தொழில் தீர்ப்பாயத்தில் போய் நிரூபிக்க வேண்டும். போலி என்று காட்டும் பாரம் தொழிலாளி தலையில். ஆவணங்களோ கான்ட்ராக்டர் அலுவலகத்து பீரோவில். 2006ல் உமாதேவி வழக்குத் தீர்ப்பு, அரசு வேலையில் முறையான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்றது. பத்தாண்டு தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு முறை விலக்கு தந்ததோடு சரி.

இதன் விளைவு கணக்கில் அப்படியே தெரிகிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகளை அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்து தொழிலாளிகளில் ஒருவர் ஒப்பந்த ஆள். 2022–23 கணக்கில் 100க்கு 40ஐத் தாண்டிவிட்டது. இவை முறையான தொழிற்சாலைகள் மட்டும். பட்டறை, கட்டடம், கடை எதுவும் இதில் சேராது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி உபாயமே உண்டு. 1981ல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அதனாலேயே பல இடங்களில் 480ஐ நெருங்குவதற்குள் ‘பிரேக்’ விழும். கொஞ்ச நாள் வீட்டில் இரு, வேறு கான்ட்ராக்டர் பெயரில் திரும்ப வா என்பார்கள். அதே லைன், அதே மெஷின், அடையாள அட்டையில் மட்டும் வேறு கம்பெனி. இது தவிர டிரெய்னி, அப்ரன்டிஸ், ‘நீம்’ என்று பயிற்சியின் பெயரில் வேலை வாங்குவது இன்னொரு வழி. மத்திய அரசு 2013ல் கொண்டுவந்த நீம் திட்டத்தில் பயிற்சியாளருக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பழக்கம் போகவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் ‘சட்டம் இறுக்கம், ஆளை எடுத்தால் அனுப்ப முடியாது’ என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 100 பேருக்கு மேல் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆர்டர் ஏறி இறங்கும் தொழிலில் அது சிரமம்தான். ஆனால் பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் தரும் பில் ஒன்றை மாதிரிக்கு எழுதிப் பார்ப்போம்.

நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம்: 13,000. அதன்மேல் முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், 1,690. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 423. இதற்கு மேல் கான்ட்ராக்டரின் சேவைக் கட்டணம் 5 சதவீதம் என்றால் சுமார் 756. மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பில் 18,700 ரூபாயைத் தாண்டிவிடும். தொழிலாளியின் பங்கு பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் பிடித்தது போக அவர் கைக்கு வருவது 11,340 ரூபாய் அளவில். ஜி.எஸ்.டி.யை ஆலை தன் வரியில் கழித்துக்கொள்ளும். ஆக உண்மைச் செலவு 15,900 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பள ஒப்பந்தம், ஆண்டு உயர்வு, கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்தால் செலவு இதைவிட எவ்வளவோ அதிகம். ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்று ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 1971ஆம் ஆண்டு மத்திய விதிகளிலேயே எழுதியிருந்தது. எழுத்தில் இருந்தது.

இந்த பில்லில் நின்று பார்க்க வேண்டிய வரி சேவைக் கட்டணம். கூலியும் பி.எஃப்.பும் சட்டப்படி நிர்ணயித்தவை. அவற்றைக் குறைத்து டெண்டர் போட முடியாது. எனவே கான்ட்ராக்டர்களுக்குள் போட்டி முழுவதும் அந்த ஒரு வரியில்தான். அரசு அலுவலகங்களுக்கு ஆள் அனுப்பும் டெண்டர்களில் அது பூஜ்யத்துக்கே இறங்கியது. ஒரு பைசா லாபமில்லாமல் ஆள் அனுப்ப இத்தனை பேர் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று யாராவது கேட்கத்தானே வேண்டும்? கடைசியில் மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் குறைந்தபட்சம் 3.85 சதவீதம் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. கட்டணத்தில் விட்டதை வேறெங்கோ பிடிக்கத்தான் செய்வார்கள். முதலாளி பங்கு பி.எஃப்.பையும் தொழிலாளி கூலியிலேயே கழிப்பது, யூனிபார்முக்குப் பிடிப்பது, வேலைக்குச் சேரும்போதே ஒரு தொகை வாங்குவது என்பதெல்லாம் தொழிலாளர் ஆய்வாளர்கள் அன்றாடம் கேட்கும் புகார்கள்.

அரசு என்ற பேச்சு வந்துவிட்டது. தனியாரைப் பார்த்து அரசு கெட்டுப்போனது என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டு அனுபவத்தில் இரண்டும் கைகோத்தே நடந்தன. 2003 கடைசியில் மதுக்கடைகளை அரசே எடுத்தபோது டாஸ்மாக்கில் சேர்ந்தவர்கள் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். அரசுக்கு அத்தனை வருமானம் தரும் கடைகளில் நிற்கும் அவர்களின் நிரந்தரக் கோரிக்கை இருபது ஆண்டைத் தாண்டியும் ஓய்ந்தபாடில்லை. 2012ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5 ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். மருத்துவத் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதியே வந்த செவிலியர்களும் ஒப்பந்தத்தில்தான் தொடங்கினார்கள். ஆட்சி மாறினாலும் இந்தப் போராட்டப் பந்தல்களின் வரிசை மாறுவதில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது பந்தலுக்கு வருபவர் மட்டும் மாறுவார்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஜக்கோ வழக்கில் இதைச் சற்றுக் கடுமையாகவே பேசியது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் கூட்டுவது, பெருக்குவது, தோட்ட வேலை என்று பல ஆண்டுகள் தற்காலிகமாக இருந்தவர்களை 2018ல் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களை நிரந்தரமாக்கச் சொன்ன தீர்ப்பு, உமாதேவி வழக்கைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அரசுத் துறைகள் தற்காலிக ஆட்களைச் சுரண்டுவதாகக் கண்டித்தது. அதே தீர்ப்பில் கிக் பொருளாதாரத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. தோட்டக்காரரின் வழக்கில் டெலிவரிப் பையனுக்கு என்ன வேலை? நீதிபதிகளுக்கும் இரண்டும் ஒரே திசையில் போவதாகத் தெரிந்திருக்கிறது.

சரி, அந்த டெலிவரி வேலைக்கு வருவோம். இங்கே கான்ட்ராக்டர் இல்லை. அந்த இடத்தில் மென்பொருள் இருக்கிறது. ஆள் எடுப்பதும், வேலை பிரிப்பதும், கூலி கணக்கிடுவதும், வெளியே தள்ளுவதும் அதுவே. ஒப்பந்தத்தில் தொழிலாளி என்ற சொல்லே வராது, அவர் ‘பார்ட்னர்’. கம்பெனி இருவரைச் சேர்த்துவைக்கும் தளம் மட்டும். நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கை, 2020–21ல் கிக் வேலையில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும் 2029–30ல் 2 கோடியே 35 லட்சம் ஆகலாம் என்றும் மதிப்பிட்டது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஓர் உணவு ஆர்டருக்கு 40 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டலுக்கு 2 கிலோமீட்டர், அங்கிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு 4, திரும்ப ஆர்டர் விழும் இடத்துக்கு வர 3. மொத்தம் 9 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்து, நெரிசலில் வண்டி 45 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோலே 20 ரூபாய். ஓட்டல் வாசலில் காத்திருக்கும் கால் மணி நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மிஞ்சுவது 20 ரூபாய். வண்டி தவணை, டயர், ஆயில், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் இதற்குள்ளேதான். இதனால் ஆர்டர் காசு ஒரு பொருட்டே இல்லை. எல்லோரும் ஓடுவது இன்சென்டிவுக்காக. இத்தனை ஆர்டர், இத்தனை மணி நேரம் லாகின், நடுவில் எதையும் மறுக்கக் கூடாது என்று படி வைத்திருப்பார்கள். இன்னும் ஒரே ஆர்டர் வந்தால் படியைத் தொடலாம் என்ற நேரத்தில் போன் கம்மென்று கிடக்கும். வேண்டுமென்றே செய்கிறார்களா, தற்செயலா என்று ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. மழை நாளில் வராமல் இருக்கச் சுதந்திரம் உண்டு என்பார்கள். மழை நாளில்தான் ரேட் கூடும்.

அவர்கள் அதிகம் பயப்படுவது விபத்துக்கு அல்ல, ‘ஐடி பிளாக்’ ஆவதற்கு. சாம்பார் சிந்திவிட்டது என்று யாரோ புகார் செய்தால் போதும். ஆலையில் ஒருவரை நீக்க நோட்டீஸ், விசாரணை என்று ஏதாவது இருக்கும். இங்கே காலையில் லாகின் ஆகவில்லை என்பதுதான் நோட்டீஸ்.

இதற்கு நேர் எதிரான நியாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் நிரந்தர வேலையை விட்டு வரவில்லை. ஜவுளிக்கடையில் 12 மணி நேரம் நின்றவர்கள், சின்னப் பட்டறையில் ஓனரின் திட்டு வாங்கியவர்கள், படித்துவிட்டுத் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள். சிபாரிசு வேண்டாம், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை, பணம் வாரா வாரம் வங்கிக் கணக்கில் விழுகிறது. அவசரத்துக்கு அன்றே லாகின் போட்டு ஓட்டலாம். நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது நிஜமான விருப்பம். ஆனால் நேரம் தொழிலாளி கையில் இருப்பதற்கும், விபத்து நடந்தால் கம்பெனி பொறுப்பேற்பதற்கும் முரண்பாடு ஒன்றும் கிடையாது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணத்தை உருவாக்கியதே இந்தத் தொழிலின் பெரிய சாமர்த்தியம்.

நம் உச்ச நீதிமன்றம் இதை 1973லேயே தொட்டிருக்கிறது. ஆந்திரத்தில் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையல் கடை. தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி. நினைத்த நேரத்துக்கு வரலாம். வேலை இல்லாவிட்டால் போகலாம். வேறு கடைக்கும் தைக்கலாம். இவர்கள் ஊழியர்கள் அல்ல என்றார் கடைக்காரர். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மெஷின் கடைக்குச் சொந்தம், தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் கடைக்கு. ஆகவே இவர்கள் ஊழியர்களே என்றது. ஸ்கூட்டர் ஓட்டுபவருடையது, ஆனால் ஆப் யாருடையது? ரேட்டிங் போட்டு வெளியே தள்ளுவது யார்? ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் கேள்விகளை இன்று கேட்டாலே போதும்.

வெளிநாட்டில் கேட்டிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, லாகின் ஆன நேரம் முழுவதும் தொழிலாளிகள், குறைந்தபட்சக் கூலியும் விடுப்புச் சம்பளமும் உண்டு என்றது. கலிபோர்னியாவில் கதை வேறு. ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதும் வகையில் 2019ல் மாநிலம் சட்டம் போட்டது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து மறு ஆண்டே மக்கள் வாக்கெடுப்பில் விலக்கு வாங்கிவிட்டன. 2024ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டுவந்த உத்தரவு பாரத்தைத் திருப்பிப் போடுகிறது: கட்டுப்பாடு இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தால் அது வேலை உறவு என்றே கருதப்படும், இல்லையென்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. உறுப்பு நாடுகள் இதைச் சட்டமாக்க 2026 டிசம்பர் வரை கெடு.

இந்தியா மூன்றாவது வழியில் போகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கிக் தொழிலாளி, தளத் தொழிலாளி என்ற சொற்களுக்கு முதன்முறையாக விளக்கம் இருக்கிறது. ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும், தொழிலாளிகளுக்குத் தரும் தொகையில் 5 சதவீதம் என்ற உச்சவரம்போடு. காப்பீடு போன்றவை அதிலிருந்து வரும். ஆனால் குறைந்தபட்சக் கூலி இல்லை, வேலை நேர வரம்பு இல்லை. அவர் இன்னமும் ‘வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே’ இருப்பவர்தான். சட்டம் அந்த வெளியை அங்கீகரித்து, அங்கே ஒரு நிழற்குடை போட்டிருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர் பக்கம் மாற்றம் இன்னும் பெரிது. 1970 சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது, இப்போது 50. ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்த ஆள் கூடாது என்று புதிய தொகுப்பு சொல்கிறது, கேட்க நன்றாக இருக்கிறது. எது மையமான வேலை அல்ல என்று கீழே ஒரு பட்டியல்: துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல், தோட்டம். அந்த நிறுவனமே அந்த வேலைக்காகத்தான் நடக்கிறது என்றால் மட்டும் விலக்கு. ஒரு மாநகராட்சி எதற்காக இருக்கிறது, குப்பை அள்ளுவது அதன் மையமான வேலையா இல்லையா என்று இனி வக்கீல்கள் வாதாடுவார்கள். ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கும் வரம்பும் 100லிருந்து 300 ஆகிவிட்டது. சட்டத்தின் இறுக்கம்தான் காரணம் என்று இதுவரை சொன்னவர்களின் வாதம் சரியென்றால், இனி நேரடி வேலை கூட வேண்டும், ஒப்பந்த விகிதம் குறைய வேண்டும். எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. கான்ட்ராக்டர் பில்லின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

மாநிலங்கள் முந்திக்கொண்டன. ராஜஸ்தான் 2023ல் முதல் கிக் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது; ஆட்சி மாறியதும் வேகம் போயிற்று. தமிழ்நாடு சட்டத்துக்குப் பதிலாக, 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2023 கடைசியில் ஒரு நலவாரியம் அமைத்தது. ஆட்டோ ஓட்டுநருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் வாரியம் வைத்துப் பழகிய மாநிலத்துக்கு அது கைவந்த வழி. 2025–26 பட்ஜெட்டில் 2 ஆயிரம் பேருக்கு ஸ்கூட்டர் வாங்கத் தலா 20 ஆயிரம் மானியம் அறிவித்தார்கள். அண்ணாநகரில் ஏசி ஓய்வறை வந்தது, போன் சார்ஜ் போடவும் கழிப்பறைக்கும் வசதியோடு. கழிப்பறை சின்ன விஷயமில்லை. நாள் முழுக்கத் தெருவில் இருப்பவரைக் கேட்டால் தெரியும். ஆனால் இதில் எல்லாம் கம்பெனியின் கை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தொழிலாளியின் களைப்புக்கு மாநகராட்சி ஏசி போட்டுத் தருகிறது.

கர்நாடகம் 2025ல் இயற்றிய சட்டம்தான் கொஞ்சம் உள்ளே கை வைத்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையின் மேல் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம். ஒருவரை நீக்குவதானால் காரணம் சொல்லி 14 நாள் நோட்டீஸ். வேலை பிரிப்பதும் ரேட்டிங் போடுவதும் எந்த அடிப்படையில் என்று தொழிலாளிக்கு விளக்க வேண்டும். கட்டணம் ஆர்டர் வாரியாக வசூலாவதால் ஒவ்வொரு ஆர்டரின் கணக்கும் அரசின் பார்வைக்கு வந்தாக வேண்டும். இதுவரை கம்பெனியின் சர்வரில் மட்டும் இருந்த தகவல், யாருக்கு எத்தனை ஆர்டருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது, வெளியே ஓரிடத்தில் பதிவாகும். நாளை ஒரு ஓட்டுநர் தன்னைத் தொழிலாளி என்று நிரூபிக்க நீதிமன்றம் போனால், அவர் வக்கீல் முதலில் கேட்டு மனுப் போடுவது அந்தப் பதிவுகளுக்காகத்தான் இருக்கும்.